மடங்கிக் கிடந்த தரை நிமிர்ந்தது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத் தரை நேராகிவிட்டது! மூன்று வாரமாக என் ரெண்டரரில் (முப்பரிமாணக் காட்சியைத் திரையில் படமாக வரையும் நிரல்) கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, இரண்டு முக்கோணங்கள் சேரும் மூலைவிட்டத்தில் முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது.

முனைகள் எல்லாம் சரியான இடத்தில்தான் விழுந்தன. 640க்கு 480 திரை, செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை, குவியத் தூரம் 415.7 பிக்சல். காகிதக் கணக்கும் திரையும் ஒத்துப்போயின. அப்படியும் முனைகளைத் திரையில் வைக்கும் எண் அட்டவணையான மேட்ரிக்ஸையே சந்தேகப்பட்டு நாலு தடவை திருப்பி எழுதினேன். அந்த ஒரு வாரம் போனதில் இன்னும் வருத்தம்.

கோளாறு டெக்ஸ்சரை (பரப்பின்மேல் ஒட்டும் படத்தை) நிரப்புவதில் இருந்தது. கிராஃப் தாளில் பக்கவாட்டுப் படம் போட்டபிறகுதான் பிடிபட்டது. தரையின் கிட்ட ஓரம் கண்ணிலிருந்து 2 அலகு, எட்ட ஓரம் 8. திரையில் இரண்டுக்கும் நட்டநடுவே இருக்கும் பிக்சலுக்கு டெக்ஸ்சரிலும் நடுவை, 0.5ஐ, எடுத்துக்கொண்டிருந்தேன். தாளில் கோடு இழுத்தால் அது தரையைத் தொடுவது 5இல் இல்லை, 3.2இல். அதாவது டெக்ஸ்சரில் 0.2. திரையில் பாதி இடத்தைத் தரையின் முதல் ஐந்தில் ஒரு பங்கே பிடித்துக்கொள்கிறது.

திரையில் சீராக மாறுவது ஆழம் அல்ல, ஆழத்தின் தலைகீழ். 1/2, 1/8 இரண்டின் சராசரி 0.3125. அதைத் தலைகீழாக்கினால் அதே 3.2! இதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். டெக்ஸ்சரில் இடத்தைச் சொல்லும் யு, வி எண்கள் இரண்டையும் முனையிலேயே ஆழத்தால் வகுத்து, 1/ஆழத்தோடு சேர்த்து இடைக்கணித்து (முனைகளுக்கு இடையில் சீராக மாற்றி), ஒவ்வொரு பிக்சலிலும் அந்த 1/ஆழத்தால் திரும்ப வகுக்க வேண்டும். மாற்றியது ஆறே வரி.

முதல் பிளேஸ்டேஷன் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. அதன் விளையாட்டுகளில் தரை நெளிவதற்கு அது ஒரு காரணம். 1996இல் வந்த குவேக் விளையாட்டு 16 பிக்சலுக்கு ஒருமுறை வகுத்து, இடையில் நேர்கோடாக ஓட்டியது. அதையும் செய்து பார்க்கப் போகிறேன்.

கிராஃப் தாள் வாங்கும்போது மில்லிமீட்டர் கோடு மெல்லிசாக இருக்கிறதா பாருங்கள். தடித்த கோட்டுத் தாளில் 3.2ஐ 3.4 என்று படித்து ஒரு மாலை போயிற்று.

வெளிச்சம் இன்னும் போடவில்லை. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது: கேமரா முன்னால் நகர்ந்தால் ஒரு முனை கண்ணுக்குப் பின்னால் போய், முக்கோணம் திரையின் மேல்பக்கம் புரள்கிறது. பின்னால் போன பகுதியை, வடிவத்தை எல்லையில் வெட்டும் சதர்லண்ட்–ஹாட்ஜ்மன் முறையில் நறுக்க வேண்டும். ஆழத்தால் வகுப்பதற்கு முன்பே நறுக்குவதால், புதிய முனையின் யு, வியை நேர்கோட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதற்கான தாளை விரித்து வைத்திருக்கிறேன்.