மியாட்டாவுக்கு ஷாக்கும் ஸ்பிரிங்கும் தேர்ந்தெடுத்து மாட்டிய அனுபவம்

என் 1996 மியாட்டாவுக்கு (மஸ்டாவின் இரண்டு சீட் திறந்த கார்) நான்கு ஷாக்கும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) நான்கு ஸ்பிரிங்கும் மாற்றி, அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்களின் கோணமும், பார்த்தாச்சு. எதை வாங்கினேன் என்பதைவிட ஏன் அதை வாங்கினேன் என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். இந்தக் காருக்கு சஸ்பென்ஷன் மாற்றப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு இறக்கலாம்?" என்பதுதான். உயரத்தை அப்புறம் பார்க்கலாம், சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள், மற்ற முடிவெல்லாம் அதிலிருந்து தானாக வரும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

காரைப் பற்றிக் கொஞ்சம். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் மஸ்டா காட்டியதே, அந்த முதல் தலைமுறை, என்.ஏ என்று சொல்வோம். 1994இலிருந்து 1.8 லிட்டர் இன்ஜின். முன்னும் பின்னும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும், நான்கு மூலையிலும் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங். எடை ஏறக்குறைய ஒரு டன். கார் இருப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோவில், சாலையில் பனிக்காக உப்பு கொட்டும் மாதங்களில் வெளியே எடுப்பதில்லை. ஆனால் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் குளிர்காலத்திலும் ஓட்டியிருக்கிறார், அடியில் படுத்துப் பார்த்தாலே தெரியும். அந்த விஷயம் பின்னால் வரும்.

டொராண்டோ சாலை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாரின் விரிசலில் தண்ணீர் இறங்கி, உறைந்து, விரிந்து, உருகி, மறுபடி உறைந்து, வசந்தம் வரும்போது எங்கே பார்த்தாலும் பள்ளம். அதில் விழும்போது என் கார் 'டொம்' என்று இரும்பில் அடித்த மாதிரி சத்தம் போட்டது. 401 நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் ஒருமுறை குதித்துவிட்டு அடங்காமல் இன்னும் இரண்டு முறை ஆடியது. கேலடனில் ஃபோர்க்ஸ் ஆஃப் தி கிரெடிட் சாலையின் கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை விட்டுத் திருப்பினால் மூக்கு எழுந்து, காத்திருந்து, அப்புறம்தான் திரும்பியது. மூன்றும் ஷாக் போனதன் அறிகுறிதான், ஆனால் அந்த 'டொம்' மட்டும் ஷாக்கோடு முடிகிற விஷயம் இல்லை.

முன் சக்கரத்தைக் கழற்றி, ஷாக் தண்டின் மேலே இருந்த ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பம்ப் ஸ்டாப் இருக்க வேண்டும், பாலியூரித்தேன் நுரையில் செய்த மஞ்சள் உருளை. விரலால் தொட்டதும் ஈரமான ரஸ்க் மாதிரி உதிர்ந்து, உள்ளங்கையில் பொடியாக விழுந்தது. தண்டில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாக இருந்தது. ஷாக்கின் உடலுக்கும் அதன் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் மேல் மவுண்டுக்கும் நடுவில் மெத்தையே இல்லாமல்தான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

இங்கேதான் முக்கியமான விஷயம். என்.ஏ மியாட்டாவில் முன்பக்கம் மேல்நோக்கிப் போக இடம் பிறவியிலேயே குறைவு. நல்ல பம்ப் ஸ்டாப் இருந்தாலும் கார் சும்மா நிற்கும்போது அதற்கும் ஷாக் உடலுக்கும் இருக்கும் இடைவெளி சின்னதுதான். இந்த நிலையில் ஒரு அங்குலம் இறக்கும் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி மாட்டினால், கார் நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாயும்போது ஸ்பிரிங்கோடு பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்து விறைக்கும், அந்த மூலையில் மட்டும் ஸ்பிரிங் திடீரென்று பல மடங்கு கடினமான மாதிரி ஆகி, டயர் பிடியை விடும். இறக்கிய மியாட்டாவை ஓட்டிவிட்டு "ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப்" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் பம்ப் ஸ்டாப்பின் மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஷாக் தண்டைச் சுற்றி வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை இறுக்கமாகக் கட்டி, கீழே ஷாக் உடல்வரை தள்ளி வைத்துவிட்டு வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். சக்கரம் மேலே ஏறும்போது ஷாக் உடல் டையைத் தள்ளிக்கொண்டே போய், எட்டிய உச்சத்தில் விட்டுவிடும். டை நின்ற இடத்திலிருந்து பம்ப் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் போதும். என் காரில் முன்னால் இரண்டு டையும் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றன. பழைய ஸ்பிரிங் தளர்ந்ததில் வலது முன்பக்கம் இடதைவிட 5 மில்லிமீட்டர் தாழ்ந்தும் இருந்தது.

சரி, இடத்தை எப்படிக் கூட்டுவது? இரண்டு வழியும் சேர்த்தே செய்தேன். ஒன்று, அடுத்த தலைமுறை என்.பி மாடலின் மேல் மவுண்ட். அது என்.ஏவில் ஷாக்கின் மேல்முனை பொருந்தும் கோபுரத்தில் அப்படியே உட்காரும், தண்டு மேலே போகக் கூடுதல் இடம் கொடுக்கும். என்.ஏ வைத்திருப்பவர்கள் பல வருஷமாகச் செய்துவரும் மாற்றம் இது, செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொன்று, நீளம் குறைந்த, மெதுவாக விறைக்கும் பம்ப் ஸ்டாப். அடிபடும்போது திடுக்கென்று நிறுத்தாமல் படிப்படியாகத் தாங்கும்.

இடம் கிடைத்ததும் ஸ்பிரிங் கணக்கு. ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்கும் எண் அப்படியே சக்கரத்துக்கு வராது. ஷாக், விஷ்போனின் நுனியில் இல்லாமல் உள்ளே தள்ளி மாட்டியிருப்பதால் சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஸ்பிரிங் முன்பக்கத்தில் சுமார் 0.7 அங்குலம்தான் அமுங்கும். இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட பாதி. நான் பார்த்துக்கொண்டிருந்த செட் முன்னால் 320, பின்னால் 230 பவுண்டு/அங்குலம். முன்னால் 320 என்றால் மில்லிமீட்டருக்கு 56 நியூட்டன், சக்கரத்தில் ஏறக்குறைய 27. அந்த மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் எடை ஓட்டுநரோடு சேர்த்து 235 கிலோ என்று வைத்தால், கார் இயல்பாக ஆடும் வேகம் வினாடிக்கு 1.7 தடவை, அதாவது 1.7 ஹெர்ட்ஸ். பின்னால் இதே கணக்கில் 1.6 பக்கம் வந்தது. சாதாரண குடும்பக் கார்கள் 1 முதல் 1.5க்குள் இருக்கும், தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் 1.5 முதல் 2. இரண்டுக்கு மேலே போனால் நல்ல தார் வேண்டும், அது எங்கள் ஊரில் இல்லை.

இதில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஆலி சொன்ன விதிப்படி பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறினாலும் ஆட்டத்தில் எட்டிப் பிடித்துவிட்டால் கார் தலையாட்டாமல் தட்டையாக மிதக்கும். என் செட்டில் அது தலைகீழ். ஆனால் பின்னால் ஸ்பிரிங்கை ஏற்றினால், இவ்வளவு குட்டையான, பின்சக்கரம் இழுக்கிற காரில் ஈரமான வளைவில் வால் சீக்கிரம் வெளியே போகும். நல்ல ஷாக் இருந்தால் அந்தத் தலையாட்டலை அடக்கிவிடலாம் என்று எண்ணி இதையே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஷாக். இந்த வரிசை முக்கியம். ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பானால், அதே அளவு கட்டுப்பாட்டுக்கு ஷாக்கின் தடை சுமார் 1.4 மடங்கு வேண்டும். அதனால் கம்பெனி ஸ்பிரிங்குக்கு என்று செய்த சாதா ஷாக்கில் விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால், புதிதாக இருக்கும்போதே பந்து மாதிரி துள்ளும். கம்பெனி ஸ்பிரிங்கோடே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கேஒய்பி கம்பெனியின் எக்செல்-ஜி ஷாக் போதும், அதில் குறையே இல்லை. விறைப்பான ஸ்பிரிங் போடப் போவதால் என் பட்டியலில் அது கழிந்தது.

மிச்சம் இருந்தது பில்ஸ்டீனும் கோனியும். பில்ஸ்டீன் ஒற்றைக் குழாய், எண்ணெயும் நைட்ரஜனும் தனித்தனி, நடுவில் மிதக்கும் பிஸ்டன். இந்த வகையை 1957இல் மெர்சிடிஸுக்காகத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான். எண்ணெய் நுரைக்காது, நீண்ட நேரம் அடித்து ஓட்டினாலும் தளராது. மஸ்டாவே 1994இலிருந்து ஆர் பேக்கேஜ் என்ற ஸ்போர்ட் வகை மியாட்டாவில் பில்ஸ்டீன்தான் போட்டது. ஒரு நண்பரின் என்.பியில் பில்ஸ்டீனோடு போய்ப் பார்த்தேன்: வளைவில் அபாரமான நிதானம், ஆனால் சின்னச் சின்ன விரிசலையும் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. கோனி மஞ்சளில் ரீபவுண்ட், அதாவது ஷாக் நீளும்போது தரும் தடை, அதை மட்டும் கையால் மாற்றலாம், அமுங்கும்போது தரும் தடையான கம்ப்ரஷன் மாறாது. எனக்கு அதுதான் தேவை. பள்ளத்தில் விழும்போது சக்கரத்தை மேலே போக விட்டுவிட வேண்டும், திரும்பி வரும்போது மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை, அதைத் தாங்கும் சர்க்கிளிப் வளையத்தை ஷாக் உடலில் இருக்கும் வேறு பள்ளத்துக்கு மாற்றி, ஏற்றி இறக்கலாம், அதனால் உயரமும் ஓரளவு என் கையில். கோனி எடுத்தேன்.

உயரம் மாற்றும் வசதியோடு ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக வரும் கோய்ல்ஓவர் கிட் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கிட்டுக்கு நான் வைத்திருந்த பணம் போதாது. விலை குறைந்த கிட்டுகளில் நான் பார்த்தவை எல்லாம் மிக விறைப்பான ஸ்பிரிங்கும் சக்கரம் ஏறி இறங்க மிகக் குறைந்த இடமும். உயரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது விற்பதற்கு நல்ல வாசகம், ஓட்டுவதற்கு அதனால் ஒன்றும் இல்லை.

மாட்டிய கதை பெரும்பாலும் துருவோடு நடந்த கதை. முன்பக்கத்தில் ஷாக்கை வெளியே எடுக்கச் சுலபமான வழி, மேல் விஷ்போனின் உள்பக்கம் குறுக்கே ஓடும் நீள போல்ட்டை உருவுவது. இடது பக்கம் வந்துவிட்டது. வலது பக்கம் புஷ்ஷின் (விஷ்போன் காரோடு சேரும் இடத்து ரப்பர் உருளை) இரும்புக் குழாயோடு ஒட்டி, போல்ட்டின் தலையைத் திருப்பினால் புஷ் ரப்பரும் சேர்ந்தே முறுக்கியது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க விட்டும், சூடு காட்டியும் அசையவில்லை. உதவிக்கு வந்த தம்பி மெக்கானிக், ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது வராது. வெட்டுவம்," என்றான். புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் விரல் தடிமன் கூட இல்லாத சந்தில் ரம்பத்தை விட்டு, இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தோம். உப்பு ஊரில் இந்த வேலையைத் தொடங்கும் முன் அந்த போல்ட்டும் புஷ்ஷும் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்ததால் கார் ஜாக் ஸ்டாண்டின் மேல் வாரக்கணக்கில் நிற்காமல் தப்பியது. புது போல்ட்டுக்கு மரை முதல் தலைவரை, துருவில் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைப் பூசித்தான் மாட்டினோம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பழைய ஸ்பிரிங் அமுக்கிய நிலையில்தான் மவுண்டுக்குள் இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டிச் சமமாக இறுக்கிய பிறகே நடு நட்டைத் தொட வேண்டும், முகம் அதன் நேரே இருக்கவே கூடாது. அப்புறம், விஷ்போன் புஷ் போல்ட்டுகளைக் கார் தூக்கியிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். சக்கரங்களின் மேல் எடை வந்த பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இப்போது சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை முன்னால் 330 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே அளவு. கொஞ்சம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட்டுக்குப் போனேன், ஓட்டுநர் சீட்டில் என் எடைக்குச் சமமாக மூட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை சாயும் கோணம், நெகட்டிவ் என்றால் உள்பக்கம்) முன்னால் நெகட்டிவ் 1.2, பின்னால் நெகட்டிவ் 1.6 டிகிரி, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) முன்னால் பூஜ்யம், பின்னால் மிகச் சிறிது உள்நோக்கி.

டையை மறுபடி கட்டி அதே சாலைகளில் ஓட்டினேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மோசமான பள்ளத்தில் மட்டும் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருக்கிறது, மற்ற இடமெல்லாம் இடைவெளி மிச்சம். 'டொம்' போய்விட்டது, பள்ளத்தில் விழுந்தால் மந்தமான ஒரு 'தப்' மட்டும். இறக்கிய, விறைப்பான ஸ்பிரிங் போட்ட கார், பழைய நிலையைவிடச் சொகுசாக இருக்கிறது. இதைத்தான் நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, பக்கத்து சீட்டில் ஏற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ரீபவுண்டை நான்கிலும் முழு மென்மையில் வைத்துத் தொடங்கினேன். முன்னால் பானட்டைத் திறந்தால் கை போகும், பின்னால் டிக்கியின் உள்விரிப்பைத் தூக்க வேண்டும். மென்மையில் 401இல் தலையாட்டல் தெரிந்தது. பின்னால் அரைச் சுற்று ஏற்றியதும் அடங்கியது. முன்னால் முக்கால் சுற்று வைத்தால் கேலடன் வளைவில் மூக்கு உடனே திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு மேலே போனால் அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் கீழே வர நேரம் போதாமல் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போவது தெரிந்தது. முக்கால் சுற்றிலேயே விட்டிருக்கிறேன்.

பின்பக்கத்து கீழ் போல்ட்டுகளும் இதே துருவில்தான் இருக்கின்றன, இந்தத் தடவை எப்படியோ வந்துவிட்டன. வண்டி உள்ளே போகும் மாதங்களில் பின் புஷ் எல்லாவற்றையும் மாற்ற எண்ணம். பாலியூரித்தேனா ரப்பரா என்று இன்னும் முடிவாகவில்லை, மனசு ரப்பர் பக்கம்தான்.