ஒற்றைக் காலில் 19 நாள்

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

அக்கா மகனின் காதுகுத்துப் போட்டோக்களை வீட்டு சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ரொம்ப மெதுவாகப் போகிறதே என்று சும்மா, டிஸ்க்குகளின் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார்த்தால், 'யூயூ' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூவும் பக்கத்தில் ஓர் அடிக்கோடும். லினக்ஸில் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் முறை) வைத்திருப்பவர்களுக்கு அந்த அடிக்கோட்டை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று ஆட்டத்திலேயே இல்லை. (மெதுவாகப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வைஃபை கோளாறு, தனிக் கதை.)

எப்போதிலிருந்து என்று சர்வரின் பதிவேடான ஜர்னலைத் தோண்டினேன். மார்ச் 25, காலை. பத்தொன்பது நாளாக வீட்டுப் போட்டோ மொத்தமும், அப்பாவின் பத்திர ஸ்கேன்கள் உட்பட, ஒரே டிஸ்க்கில் நின்றிருக்கிறது. சர்வர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், சொல்லியிருக்கிறது. தினமும் சொல்லியிருக்கிறது. ரெய்டைப் பார்த்துக்கொள்ளும் எம்டிஏடிஎம் என்ற நிரலின் கண்காணிப்பு ஒவ்வொரு நாளும் தவறாமல் ஒரு கடிதம் எழுதி, சர்வருக்குள்ளேயே இருக்கும் உள்ளூர் அஞ்சல் பெட்டியில் போட்டுவைத்திருந்தது. நான் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. அப்படி ஒன்று இருப்பது எங்கேயோ படித்த ஞாபகம், அவ்வளவுதான்.

சர்வர் பெட்டி என்ன மாதிரி என்று சொல்லிவிடுகிறேன். ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், இரண்டு 2 டிபி டிஸ்க், டெபியன் 12 லினக்ஸ். இரண்டு டிஸ்க்கும் ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும். இதை நிறுவிய அன்று 'இனி ஒரு டிஸ்க் போனால்கூடக் கவலையில்லை' என்று வீட்டில் பெருமையடித்தேன். சொன்னது பொய்யும் இல்லை. ஒரு டிஸ்க் போனது, நான் கவலையே படவில்லை, பத்தொன்பது நாளைக்கு.

விலகிய டிஸ்க்கின் உடல்நிலையை ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி வைத்துக் கேட்டேன். அது தரும் பட்டியலில் நான் பார்ப்பது மூன்றே வரிசை எண்கள். 5 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). 197 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 199 என்பது கேபிளில் வரும் வழியிலேயே சிதைந்துபோன தகவல். முதல் இரண்டும் பூஜ்யம். 199 மட்டும் 412. ஆக டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது, குற்றவாளி பத்து ரூபாய் பெறாத சாட்டா கேபிள். அடுத்த நாள் சித்திரை ஒன்று, கடை திறந்திருக்காது. பரணில் கிடந்த பழைய கணினியிலிருந்து ஒரு கேபிளை உருவி மாட்டினேன்.

மாட்டிவிட்டு டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். நான்கு மணி நேரமாவது ஆகும் என்று சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் முடிந்து 'யூயூ' என்று நிற்கிறது. காரணம் பிட்மேப். எந்தெந்தப் பகுதியில் எழுத்து நடந்தது என்று அர்ரே, அதாவது சேர்த்துக் கட்டிய டிஸ்க் தொகுப்பு, ஒரு சின்னக் குறிப்பேடு வைத்திருக்கும். ஒரு டிஸ்க் வெளியே போயிருக்கும்போது அந்தக் குறிகளை அழிக்காது. அது திரும்பி வந்ததும் மாறிய பகுதிகளை மட்டும் ஒப்பி எடுத்தால் போதும். பெரிய அர்ரேக்களுக்கு எம்டிஏடிஎம் இதைத் தானாகவே போட்டுவிடுகிறது. நான் கேட்டு வாங்கியது இல்லை.

ஏப்ரல் 19, சனி

இரண்டு டிஸ்க்குக்கும் முழுநீள சுயபரிசோதனை ஓட்டினேன். இதற்கு நிஜமாகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேபிளால் விலகிய டிஸ்க் குறையில்லாமல் தேறிவிட்டது. பத்தொன்பது நாள் தனியாக வீட்டைத் தாங்கிய 'நல்ல' டிஸ்க் பாதியிலேயே படிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. அதன் 197-ல் 8.

எட்டு என்ற எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. இந்த டிஸ்க் உள்ளே 4096 பைட் துண்டுகளாக எழுதுகிறது, வெளியே 512 பைட் செக்டர் என்று கணக்குச் சொல்கிறது. 512 எட்டு முறை சேர்ந்தால் 4096. அதாவது உள்ளே ஒரே ஓர் இடம்தான் படிக்கவில்லை. ஒரு போட்டோவின் மூலை அளவு. ஆனால் எனக்குக் கை சில்லிட்டது வேறு காரணத்துக்கு. போன ஞாயிறு நான் அவசரப்பட்டு, விலகிய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது போலச் சேர்த்திருந்தால், மொத்த 2 டிபியும் இந்த நோயாளி டிஸ்க்கிலிருந்துதான் ஒப்பியெடுக்கப்பட்டிருக்கும். அந்த எட்டு செக்டரில் இருந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே நல்ல பிரதியை என் கையாலேயே அழித்திருப்பேன். பிட்மேப் காப்பாற்றியது நேரத்தை மட்டும் இல்லை.

சரி, இப்போது இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அர்ரேயை முழுமையாகச் சரிபார்க்கச் சொன்னேன். ஒரு டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் வந்தால் மற்றதிலிருந்து எடுத்து அதே இடத்தில் திரும்ப எழுதிவிடும். முடிந்ததும் 197 பூஜ்யத்துக்கு இறங்கியது, 5 எட்டுக்கு ஏறியது. டெபியன் இந்தச் சரிபார்ப்பை மாதத்தின் முதல் ஞாயிறு விடியும் முன் தானாகச் செய்யும். என் பெட்டியில் ஏன் இதற்கு முன் இது மாட்டவில்லை என்றால், ராத்திரியில் சர்வரை அணைத்துவைக்கும் சிக்கன புத்தி எனக்கு இருந்தது. இப்போது விட்டுவிட்டேன்.

மாற்று டிஸ்க் ஒன்று வாங்கியாயிற்று. அக்கா, "ஒண்ணு போதாதுன்னு ரெண்டு வச்ச, இப்ப மூணா?" என்றாள். ரெய்டு என்ற ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'ஐ' என்ற எழுத்து முதலில் 'மலிவான' என்ற பொருளில்தான் இருந்தது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையின் வாதமே அதுதான்: விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவானவை பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம், போனால் போகட்டும் என்று. அக்காவிடம் இதைச் சொன்னேன். மலிவாகத் தெரியவில்லையே என்றாள்.

ஏப்ரல் 26, சனி

இன்று சோதனை நாள். எம்டிஏடிஎம்மிடமே சொல்லி ஒரு டிஸ்க்கைப் 'பழுது' என்று குறிக்க முடியும், ஆனால் அது நாடக ஒத்திகை மாதிரி. எனக்கு நிஜமாகவே ஒன்று செத்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். சர்வரை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, திரும்ப பவர் போட்டேன்.

கறுப்புத் திரை. பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வரி.

தகவல் முழுக்க இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பவர் போட்டதும் கணினியை எழுப்பும் யூஇஎஃப்ஐக்கு ரெய்டு என்றால் என்னவென்று தெரியாது. அது தேடுவது சாதாரண ஃபேட் வடிவத்தில் ஒரு சின்ன பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி), அதற்குள் இருக்கும் பூட்லோடர் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்). அது என் முதல் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. நிறுவும்போது இரண்டிலும் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சாவி செய்துவைத்துக்கொண்டு, கதவு ஒன்றை மட்டும் வைத்துக் கட்டிய வீடு.

முதல் டிஸ்க்கை மாட்டி எழுப்பி, இரண்டாவதில் அதே அளவுக்கு பார்ட்டிஷன் போட்டு, உள்ளிருப்பதை அப்படியே நகல் எடுத்து, பூட் பட்டியலில் இன்னொரு பதிவையும் சேர்த்தேன். அந்தப் பார்ட்டிஷனையும் ரெய்டுக்குள் கொண்டுவரும் தந்திரம் ஒன்று உண்டு, மெட்டாடேட்டா 1.0 என்று வைத்தால் ரெய்டின் அடையாளக் குறிப்பு பார்ட்டிஷனின் கடைசியில் போய்விடும், யூஇஎஃப்ஐக்கு வெறும் ஃபேட்டாகத் தெரியும். ஆனால் யூஇஎஃப்ஐ ஏதாவது எழுதித் தொலைத்தால் ரெய்டுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் மட்டும் மாறிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. பூட்லோடரான க்ரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நகல் எடுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

மறுபடி கழற்றினேன், மறுபடி பவர். இந்த முறை க்ரப் வந்தது, லினக்ஸின் மையமான கர்னல் வந்தது, காணாமல் போன டிஸ்க்குக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அர்ரேயும் ஒற்றைக் காலில் எழுந்தது. கை தட்டலாம் என்றிருந்தபோது சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓடத் தொடங்கின. 90 வினாடி. அப்புறம் அவசர முறை, ரூட் கடவுச்சொல் கொடு என்று. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பழைய பூட் பார்ட்டிஷன் 'கட்டாயம் வேண்டும்' என்று எழுதியிருந்தது. அந்த டிஸ்க்தான் மேசைமேல் கிடக்கிறதே! வரியின் கடைசியில் 'நோஃபெயில்' (இல்லாவிட்டாலும் பரவாயில்லை) என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் தீர்ந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் இது நடந்திருந்தால், ரெய்டு பிழைத்தும் சர்வர் பிழைத்திருக்காது.

மூன்றாவது முறை சரியாக எழுந்தது. டிஸ்க்கை மாற்றிக் கழற்றியும் பார்த்தேன், அதுவும் எழுந்தது. பிறகு புது டிஸ்க்கை நோயாளியின் இடத்தில் போட்டு, விடிய விடிய ஒப்பி எடுக்க விட்டேன்.

மே 4, ஞாயிறு

கண்காணிப்பு. அந்த உள்ளூர் அஞ்சல் பெட்டியை மூடினேன். எம்டிஏடிஎம்மின் அமைப்புக் கோப்பில் மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு நிரலை ஓட்டச் சொல்ல முடியும். எதாவது நடந்தால் நிகழ்வின் பெயரையும் அர்ரேயின் பெயரையும் அந்த நிரலிடம் கொடுக்கும். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட், தானாகச் செய்தி அனுப்பும் டெலிகிராம் பாட் வழியாக என் போனுக்கு. டிஸ்க்குகளின் உடல்நிலையைக் கவனிக்கும் ஸ்மார்ட்டியையும் அதே பாட்டோடு இணைத்து, தினம் ஒரு குறும் பரிசோதனை, வாரம் ஒரு நீளப் பரிசோதனை என்று அட்டவணை போட்டேன். இரண்டுக்கும் 'சும்மா ஒரு சோதனைச் செய்தி அனுப்பு' என்ற வசதி உண்டு. அதை அழுத்தி போன் அடிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

இன்னொன்று, இந்த டெஸ்க்டாப் வகை டிஸ்க்குகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படிக்க முடியாத செக்டரை ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டே இருக்கும். கர்னல் 30 வினாடிதான் பொறுக்கும், அப்புறம் டிஸ்க்கையே உதறிவிடும். கோப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே வரும் நாஸ் வகை டிஸ்க் 7 வினாடியில் 'முடியவில்லை' என்று ஒப்புக்கொள்ளும், ரெய்டு மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். என்னுடையதில் அந்த வசதி இல்லாததால் கர்னலின் பொறுமையை 180 வினாடிக்கு உயர்த்தி, டிஸ்க் தென்பட்டதும் அமலாகும் ஒரு யூடெவ் விதி எழுதினேன்.

அளவுகளைச் சேகரித்து வரைபடமாகக் காட்டும் பிரோமிதியஸும் கிராஃபானாவும் போட்டேன் என்று சொல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டீர்கள். போட்டேன். வரைபடங்கள் கொள்ளை அழகு. மூன்று நாள் பார்த்தேன், நான்காம் நாள் மறந்துவிட்டேன். தினம் போய்ப் பார்க்க வேண்டியது எதுவும் எனக்கு அலாரம் ஆகாது. ஒரே ஒரு பலன்: கத்திரி வெயில் தொடங்கிய அன்று டிஸ்க் வெப்பம் 51 டிகிரி என்று காட்டியது. பெட்டியை பீரோ இடுக்கிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்ததும் 43.

பிறகு ஒரு கேள்வி வந்தது: செய்தி அனுப்ப வேண்டிய சர்வரே செத்தால்? ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அது சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் கரண்ட் போனால் இரண்டும் போகும், ரவுட்டரும் போகும். அதனால் தலைகீழாக வைத்தேன். வீட்டுக்கு வெளியே இருக்கும் ஓர் இணையச் சேவைக்கு சர்வர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது என்னைக் கூப்பிடும். மௌனத்தையே புகாராக எடுத்துக்கொள்கிற ஏற்பாடு.

மே 11, ஞாயிறு

அக்கா போனில், "டேய், காதுகுத்து ஃபோல்டரைக் காணோம்டா." அவளே வேறு எதையோ அழிக்கப் போய் அழித்திருக்கிறாள். ரெய்டு மிக விசுவாசமாக இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிட்டது. ரெஸ்டிக் என்ற நிரல் முந்தைய இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தது. கழற்றிய நோயாளி டிஸ்க்கில் பேக்கப் வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டதற்கு அன்று மகிழ்ந்தேன்.

மே 25, ஞாயிறு

யூபிஎஸ். யூஎஸ்பி உள்ள ஒன்று வாங்கி, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் மென்பொருளில் இணைத்தேன். நிலைகளைக் குட்டி எழுத்துகளில் சொல்லும்: 'ஓஎல்' என்றால் லைனில், 'ஓபி' என்றால் பேட்டரியில், 'எல்பி' என்றால் பேட்டரி தீரப் போகிறது. பின்னவை இரண்டும் சேர்ந்து வந்தால் சர்வர் தன்னை அணைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினேன். ஓபி வந்தது. பதினெட்டு நிமிடத்தில் எல்பியும் வந்தது, சர்வர் ஒழுங்காக இறங்கியது. கடைசிவரை காத்திருக்க எனக்கு மனமில்லை, பேட்டரி பழசானால் எல்பி சொல்லாமலே படுத்துவிடும். அதனால் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேட்டரியில் இருந்தாலே இறங்கிவிடு என்று மாற்றினேன்.

அங்கேதான் புதுச் சிக்கல். ஆறாவது நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டால்? சர்வர் இறங்கிவிட்டது, யூபிஎஸ் அணையவே இல்லை. சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவும் இல்லை வரவும் இல்லை. 'கரண்ட் வந்தால் எழு' என்ற பயாஸ் அமைப்புக்கு வேலையே வராது. செய்து பார்த்தேன், அப்படியே கிடந்தது. சர்வர் இறங்கும் கடைசி நொடியில், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் வெளியீட்டை வெட்டிப் பிறகு திரும்பக் கொடு என்று யூபிஎஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும். நட்டில் அதற்கு வழி இருக்கிறது. என் யூபிஎஸ் வெட்டுகிறது, ஆனால் திரும்பக் கொடுப்பது மூன்றில் ஒருமுறைதான் நடக்கிறது.

புதன்கிழமை எங்கள் தெருவில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நான் அலுவலகத்தில் இருப்பேன். அம்மாவிடம் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். "நான் ஏன்டா தொடப் போறேன், அது பாட்டுக்குக் கத்திட்டு இருக்கும்" என்றார்.