ஜெயித்த பிறகு நடந்த சண்டை: லாரன்ஸ், கான்சஸ்

கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம், 92-89. கான்சஸ் பல்கலைக்கழகம் ஜெயித்துவிட்டது. எதிரணி நார்த் கரோலினா. தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்த அணி, ஒன்பதாம் இடத்து அணியைத் தன் சொந்த அரங்கில் தோற்கடித்திருக்கிறது. ஆனால் அந்த அணியின் ஊரான லாரன்ஸில், நாங்கள் ஆட்டம் பார்த்த மதுக்கூடத்துக்குள் இருந்த முகங்களைப் பார்த்தால் தோற்றவர்கள் இவர்கள்தான் என்று அடித்துச் சொல்வீர்கள். முதல் பாதியில் 20 பாயின்ட் முன்னிலை. அது அத்தனையும் கரைந்து, கடைசி நிமிடங்களில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயித்த ஜெயம் அது. 2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஊர் திரும்பிவிட்டேன், அந்தக் கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். செலவுக் கணக்கைக் கடைசியில் தருகிறேன்.

நானும் என் நண்பனும் சிகாகோவிலிருந்து கிளம்பினோம். விமானம் கட்டுப்படியாகவில்லை, அதனால் கான்சஸ் சிட்டிக்கு ராத்திரிப் பேருந்து. இந்தப் பேருந்தைப் பற்றி நான்கு வார்த்தை திட்டாமல் மேலே போக முடியாது. கிளம்பவே ஒன்றரை மணி நேரம் தாமதம், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் இருக்கைக்குக் கீழே ஹீட்டர் கொதித்தது, முன்வரிசையில் இருந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் நடுங்கினார்கள். கழிவறைக் கதவு சாத்தவில்லை, ஒவ்வொரு வளைவிலும் படார் படாரென்று அடித்தது. காசு மிச்சம் என்று எவ்வளவு சமாதானம் சொல்லிக்கொண்டாலும் இது அநியாயம். பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை இப்படி ஏற்றி அனுப்பக் கூடாது.

கான்சஸ் சிட்டியில் இறங்கியதும் எங்களைக் காப்பாற்றியது ஆர்தர் பிரையன்ட்ஸ். பார்பெக்யூவுக்குப் பேர் போன ஊரில் பேர் போன கடை. 'பர்ன்ட் எண்ட்ஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். மாட்டின் நெஞ்சுக் கறியில் கொழுப்பு அதிகமுள்ள நுனிப் பகுதியைப் புகையில் மணிக்கணக்கில் போட்டு எடுத்து வெட்டிய துண்டுகள். மேலே கரியேறிய மொறுமொறுப்பு, உள்ளே விரல் பட்டாலே பிரியும் மென்மை. அடியில் வெறும் வெள்ளை பிரெட், அதில் கொழுப்பும் சாஸும் ஊறி அந்த பிரெட்டே தனிச் சாப்பாடாகிவிடுகிறது. அந்த சாஸில் இனிப்பு தலைதூக்காது. வினிகர் முன்னால் வந்து நிற்கும், நாக்கில் மசாலாப் பொடி நறநறவென்று தெரியும். கடைகளில் புட்டியில் விற்கும் தித்திப்பு பார்பெக்யூ சாஸையே தின்று பழகிய எனக்கு இது பெரிய சந்தோஷம். ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் இதைத் தவற விடவே கூடாது.

அங்கிருந்து லாரன்ஸ் 40 மைல் மேற்கே. ஆப்பில் ஒரு வண்டி பிடித்தோம், 58 டாலர் காட்டியது. ஓட்டுநர் வந்து, பெட்டிகள் ஏறியதும், "ஆட்டத்துக்குத்தானே போறீங்க? இதை கேன்சல் பண்ணிட்டு ரொக்கமா 90 குடுங்க" என்றார். முடியாது என்றோம். பெட்டிகளை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வண்டிக்கு ஆப்பிலேயே 71. மோட்டலிலும் இதே கதைதான், சாதாரண வார இறுதி வாடகையைப் போல இரண்டு மடங்கு. ஆட்டத்துக்கு வருகிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பான் என்று ஒரு கூட்டமே தீர்மானித்திருக்கிறது.

டிக்கெட்டுக்கும் அதே கதிதான். நார்த் கரோலினா இந்த அரங்குக்குக் கடைசியாக வந்தது 1960-ல். அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஊர் என்பதால் மறுவிற்பனையில் மேல்வரிசை மூலை இருக்கைக்குக் கேட்ட விலை எங்கள் மொத்தப் பயணச் செலவைத் தாண்டியது. அதனால் பகலில் அரங்கைச் சுற்றிப் பார்ப்பது, இரவில் ஊர்க்காரர்களோடு மதுக்கூடத்தில் ஆட்டம் பார்ப்பது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தோம். இதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

கான்சஸ் அணியின் அரங்கான ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955-ல் திறந்தது. 15,300 பேர் உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் கிடங்கு, உள்ளே மர பெஞ்சும் உயரத்து ஜன்னலும். வடக்குச் சுவரில் உள்ளே வருகிறவர்களை 'ஃபாக்கிடம் ஜாக்கிரதை' என்று எச்சரிக்கும் அந்தப் புகழ்பெற்ற பதாகை. அதில் வரும் 'ஃபாக்' 39 பருவங்கள் இங்கே பயிற்சியாளராக இருந்த ஃபாக் ஆலன். அவர் குவித்த 590 வெற்றிதான் அதுவரை பல்கலைக்கழகத்தின் சாதனை. அந்த வெள்ளிக்கிழமை ஜெயித்தால் பயிற்சியாளர் பில் செல்ஃப் அதைச் சமன் செய்வார். ஊருக்குள் எல்லாருக்கும் இந்த எண் மனப்பாடம்.

ஒட்டினாற்போல் இருக்கும் டிப்ரூஸ் சென்டர் என்ற கட்டடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தட்டச்சு செய்ய வைத்துச் சுவரில் ஒட்டிய அந்த ஆட்டத்தின் முதல் விதிகள், அதே மூலத் தாள்கள், இங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போன தாள்கள். பழுப்பேறிய இரண்டு பக்கம், பதின்மூன்று விதிகள், நடுவில் பேனாவால் செய்த திருத்தங்கள். அதன் முன்னால் நின்றபோது எனக்கு மேல் சிலிர்த்தது. உலகம் முழுக்க ஆடும் ஒரு ஆட்டம் இந்த இரண்டு தாளிலிருந்து கிளம்பியிருக்கிறது. நெய்ஸ்மித்தே பிற்பாடு கான்சஸுக்கு வந்து முதல் பயிற்சியாளர் ஆனார், இந்த ஊரிலேயே அடக்கமாகியிருக்கிறார். கான்சஸ் பயிற்சியாளர்களில் வெற்றியை விடத் தோல்வி அதிகம் கண்டவர் அவர் ஒருவர்தான்: 55 வெற்றி, 60 தோல்வி. ஊர்க்காரர்கள் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

லாரன்ஸின் மாசசூசெட்ஸ் தெருவில் அன்று எந்த மதுக்கூடத்திலும் கால் வைக்க இடமில்லை. எங்களுக்குச் சுவரோரம் நிற்க ஒரு முழம் கிடைத்தது. பக்கத்து மேஜையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், மருத்துவமனை ஷிஃப்ட் முடித்து நேராக வந்த ஒரு நர்ஸம்மா, அவர் அக்கா மகனான பல்கலைக்கழக மாணவன். முதல் பாதி முழுக்கத் திருவிழா. 7 அடி 2 அங்குல உயரத்து ஹன்டர் டிக்கின்சன் பந்தை வாங்கும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது. ஸீக் மேயோவுக்கு அதைவிட அதிகம். அவன் இதே லாரன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன், வேறு கல்லூரியில் ஆடிவிட்டு அந்த வருஷம்தான் ஊருக்கே திரும்பியிருந்தான். முன்னிலை 20-ஐத் தொட்டபோது முன்பின் தெரியாத ஒருவர் எங்களுக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் பாதியில் அது உருகத் தொடங்கியது. கத்தல் குறைந்து முணுமுணுப்பானது, அப்புறம் அதுவும் நின்றது. நர்ஸம்மா கையிலிருந்த காகிதக் கோப்பையின் விளிம்பைக் கிழித்துக் கிழித்துச் சிறு சிறு சதுரங்களாக மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார், கண் திரையை விட்டு நகரவில்லை. இங்கே வெற்றி உறுதியானதும் 'ராக் சாக் ஜேஹாக்' என்று நிதானமாக இழுத்துப் பாடும் வழக்கம் உண்டு (ஜேஹாக் என்பது கான்சஸ் அணியின் செல்லப்பெயர்). அன்று எங்கள் மதுக்கூடத்தில் அதை ஆரம்பிக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. 92-89 என்று முடிந்தபோது எழுந்தது ஒரு பெருமூச்சு. பத்து வினாடி கழித்துத்தான் கைதட்டல். அதற்கடுத்த வினாடியில் சண்டை.

"ஜெயிச்சாச்சு, 590 ஆச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றார் ஆசிரியர்.

"எண்பத்தொன்பது பாயின்ட்! நம்ம வீட்லயே! இதுக்குப் பேரு டிஃபென்ஸா?" என்றார் நர்ஸம்மா.

மாணவன் கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான். கல்லூரி ஆட்டத்தில் பந்தை முப்பது வினாடிக்குள் கூடையை நோக்கி வீசியாக வேண்டும். ஒரு பாதி இருபது நிமிடம். வேகமாக ஆடும் அணிக்கு அதற்குள் முப்பது தடவைக்கு மேல் பந்து கைக்கு வரும். இருபது பாயின்ட் என்பது ஏழு த்ரீ பாயின்டர், அதாவது தூரத்திலிருந்து போட்டால் மூன்று பாயின்ட் தரும் ஏழு கூடை. "முதல் பாதியில வர்ற இருபது ஒரு லீடே இல்ல சித்தி. அதை நம்பித் தூங்குனாதான் தப்பு."

"தூங்கினாங்க, அதைத்தானே நானும் சொல்றேன்!"

ஆசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். "அந்த விதிகளைப் போய்ப் பாத்தீங்களா? பதின்மூணாவது என்ன சொல்லுது? குறிச்ச நேரத்துல யாரு அதிகம் போட்டாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. எத்தனை வித்தியாசத்துலன்னு நெய்ஸ்மித் கேக்கவே இல்ல. மொத மேட்சே 1-0தான்." பக்கத்து மேஜைக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

நர்ஸம்மா விடவில்லை. அவர் சொன்ன பதில்தான் இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே சிறந்தது. இந்த ஊர் பின்னாலிருந்து துரத்தி ஜெயித்தே வளர்ந்த ஊர் என்றார். 2008 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இரண்டே நிமிடம் மிச்சமிருக்க ஒன்பது பாயின்ட் பின்தங்கியிருந்து மரியோ சால்மர்ஸ் போட்ட த்ரீயால் மீண்டார்கள். 2012-ல் மிசௌரிக்கு எதிராக இதே அரங்கில் 19 பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 87-86. 2022 இறுதியில் இதே நார்த் கரோலினாவிடம் பாதி ஆட்டத்தில் 40-25 என்று கிடந்து, 72-69 என்று கோப்பையைத் தூக்கினார்கள். "எங்க பசங்க இதை மத்தவங்களுக்குச் செஞ்சு காட்டினவங்க. லீடு எப்படிப் போகும்னு இவங்களுக்குத் தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்?"

ஆசிரியர் 1957-க்குப் போனார். இறுதி ஆட்டம், மூன்று கூடுதல் நேரம், கான்சஸ் பக்கம் வில்ட் சேம்பர்லின், நார்த் கரோலினா 54-53 என்று ஜெயித்தது. நடந்த இடம் பக்கத்துக் கான்சஸ் சிட்டி. "அந்த ஒரு பாயின்ட்டை எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். இன்னிக்கு மூணு பாயின்ட்ல ஜெயிச்சிருக்கோம், நீங்க அழறீங்க."

ஒரே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இவ்வளவு காரமாகச் சண்டை போடுகிறவர்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒருவர் கூட மரியாதை தவறவில்லை. இரண்டு ஊர்களுக்கும் உள்ள உறவும் லேசுப்பட்டதா? நார்த் கரோலினாவைப் பெரிய அணியாக்கிய டீன் ஸ்மித் கான்சஸில் பிறந்து ஃபாக் ஆலனிடம் ஆடியவர். ராய் வில்லியம்ஸ் பதினைந்து வருஷம் இங்கே பயிற்சியாளராக இருந்துவிட்டு 2003-ல் அங்கே போனார். அதை இன்னும் மன்னிக்காத ஒருவர் பார் கவுன்டர் பக்கமிருந்து தன் கருத்தையும் உரக்கச் சேர்த்தார்.

என் ஓட்டு நர்ஸம்மாவுக்கு. மாணவனின் கணக்கு சரிதான், அதனால் 20 கரைந்ததை மன்னிக்கலாம். 89-ஐ மன்னிக்க முடியாது. எதிரணி வேகமாக ஓடி வந்து ஆடும் என்பது ஊரறிந்த விஷயம். முன்னிலையில் இருக்கும் அணி முதலில் செய்ய வேண்டியது பின்னால் ஓடி வந்து கூடையைக் காப்பது. முதலிடத்து அணி என்ற பெயருக்கு அந்தக் குறைந்தபட்சம் வேண்டாமா? என் நண்பனோ ஆசிரியர் கட்சி. "ஜெயிச்சவனைத் திட்டறது அநியாயம்டா" என்று மோட்டல் வரை சொல்லிக்கொண்டே வந்தான். மறுநாள் காலை உணவுக் கடையில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் வருவதற்குள், பின் மேஜையில் நான்கு தாத்தாக்கள் அதே 20 பாயின்ட்டை உப்புப் புட்டி, மிளகுப் புட்டிகளை நகர்த்தி நகர்த்தி அலசிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

செலவுக் கணக்கு சொல்கிறேன் என்றேன் இல்லையா? பெரிய துளை மோட்டலும் வண்டியும்தான். பெரிய அணி வரும் நாளில் போகாதீர்கள். சிறிய கல்லூரிகள் வந்து ஆடும் நாட்களில் அதே அரங்கின் டிக்கெட் நியாயமான விலைக்கு இறங்கும், அறையும் கிடைக்கும். கான்சஸ் சிட்டியில் தங்கி வாடகைக் கார் எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு இன்னும் மலிவு. திரும்பும்போது பேருந்துப் பக்கமே போகாமல் லாரன்ஸிலிருந்தே சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் பிடித்தோம். ஸ்டேஷனில் விடியுமுன் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். கால் நீட்ட இடம் உண்டு, ஃபோர்ட் மாடிசனில் மிசிசிப்பியைக் கடப்பதை ஜன்னல் வழியே பார்க்கலாம்.

அடுத்து, நவம்பர் 12 செவ்வாய்க்கிழமை அட்லாண்டாவில் மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். ஜெயித்தால் செல்ஃபுக்கு 591. நர்ஸம்மாவின் அக்கா மகன் எங்கள் எண்ணை வாங்கி வைத்திருக்கிறான், எதிரணி எத்தனை பாயின்ட் எடுத்தது என்பதை மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.