ஜன்னல் பக்கத்துப் படம்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் அந்தப் படத்தைத்தான் திறந்தேன். ஜன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம், அதற்கு முன்னால் அப்பா. முகம் கரியாக இருக்கிறது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னது நான்தான். போன் அந்த வெளிச்சத்தை அளந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது. எடுப்பதற்கு முன் திரையில் அவர் முகத்தை ஒரு தடவை தொட்டிருந்தால் முகத்துக்கு அளந்திருக்கும். தொடவில்லை.

ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பில், இருட்டுப் பகுதியை வெளுக்க வைக்கும் ஷேடோஸை முழுக்க ஏற்றினேன். முகம் வந்தது. கூடவே கன்னமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகளும் வந்தன. போன் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டில் கிடந்த முகத்துக்கு அதில் அடியிலிருக்கும் சில படிகள் மட்டுமே கிடைத்திருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் முகத்தோடு இந்தப் புள்ளி இரைச்சலும் சேர்ந்துதான் வரும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் இழுக்க இடம் இருந்திருக்கும். ஆண்ட்ராய்டில் 2014 முதல், ஐபோனில் 2016 முதல் அந்த வசதி இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

ஒரே படம்தான் இருக்கிறது. இன்னொன்று எடுக்க முடியாது.

மார்ச் 4, புதன்

அம்மாவின் கண்புரை ஆபரேஷன் சனிக்கிழமை காலை என்று சொல்லிவிட்டார்கள். முதலில் வலது கண்.

மார்ச் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை. மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்ததுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது. முகம் மட்டும்தானே இருட்டு? செலக்டிவ் என்று ஒன்று இருக்கிறது. வலது கன்னத்தில் விரலை வைத்தேன், ஒரு புள்ளி விழுந்தது. இரண்டு விரலால் கிள்ளி விரித்தால் எவ்வளவு தூரம் பரவும் என்று சிவப்பாகக் காட்டுகிறது. வெறும் வட்டம் இல்லை இது. புள்ளி வைத்த இடத்தின் நிறம் வட்டத்துக்குள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே மட்டும் சிவப்பு படர்ந்தது. கன்னம், மூக்கு, நெற்றியின் பாதி வரை வந்தது, பின்னாலிருக்கும் திரைச்சீலை தப்பித்தது. பிரைட்னஸ் +35. நெற்றியின் மறுபாதிக்கு இன்னொரு புள்ளி, +20. ஜன்னல் ஓரத்தில் ஒரு புள்ளியை எதுவும் மாற்றாமல் சும்மா வைத்தேன், வெளிச்சம் அந்தப் பக்கம் கசியாமல் இருக்க.

முகம் வந்துவிட்டது. பொடிப்புள்ளிகளும் பாதியாகக் குறைந்திருக்கின்றன. மணி ஒன்றரை.

சட்டை மஞ்சளாகத் தெரிந்தது. வார்ம்த்தைக் குறைத்துச் சரிசெய்துவிட்டுத்தான் படுத்தேன்.

மார்ச் 7, சனி

உள்ளே போய் அரை மணி நேரத்துக்குள் வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். எனக்கு அது அரை நாள். ஒரு படம்கூட எடுக்கவில்லை, எதையும் திறக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கட்டுப் பிரித்தார்கள். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணைக் கையால் மூடினாள், எடுத்தாள். வலது கண்ணை மூடினாள், எடுத்தாள். "இது வெள்ளை. இது பழைய பேப்பர்." திரும்பத் திரும்ப அதையே செய்தாள். "இத்தனை நாளா இந்தப் பேப்பரையா வெள்ளைன்னு நினைச்சிட்டிருந்தேன்?"

அவள் சிரிப்பதைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

மார்ச் 9, திங்கள்

இதை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

சாயங்காலம் படத்தைக் காட்டினேன். முகம் தெரிகிறது பாரம்மா என்றேன். கிட்டே வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அப்பாகிட்ட ஏது நீலச் சட்டை?"

வெள்ளைச் சட்டைதான் அது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளே வலது கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுல வெள்ளையா இருக்கு" என்றாள். இடதை மூடினாள். "இதுல நீலம்."

ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எல்லாமே கொஞ்ச நாள் நீலமாகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகிப் போய் நீல வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அதை எடுத்துவிட்டால் தடுத்து வைத்த நீலம் முழுசாக உள்ளே வரும். மோனே என்ற ஓவியருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்த வருடங்களில் அவர் வரைந்தவை செம்பழுப்பாகக் கனத்துப் போயின. 1923-இல் ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் நடந்தது, அதற்கப்புறம் நிறம் விஷயத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அம்மாவுக்கும் அதுதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே வலது கண்ணால்தான் நேற்று சுவரைப் பார்த்து வெள்ளை என்றாள். நீலம் என்று சொல்லவில்லையே.

போனைத் திரும்ப வாங்கியபோதுதான் உறைத்தது. ராத்திரி பத்து மணிக்குமேல் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரை தானாக மஞ்சளுக்கு மாறும்படி வைத்திருக்கிறேன். ஒன்றரை மணிக்கு எடிட் செய்த எனக்குத் திரையே மஞ்சள். அந்த மஞ்சளைச் சட்டையின் மஞ்சள் என்று எண்ணி, இல்லாத ஒன்றைத் துடைக்கிறேன் என்று படத்தில் நீலத்தை ஏற்றியிருக்கிறேன்.

அன்று ராத்திரி என் இரண்டு கண்ணிலும் புரை விழுந்த மாதிரிதான். அம்மாவின் ஒரு கண் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

மஞ்சள் திரையை அணைத்தேன். தானாக வெளிச்சம் கூடிக் குறைவதையும் நிறுத்திவிட்டு நடுவில் வைத்தேன். இனிமேல் பகலில்தான் எடிட்.

படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸில் சொட்டுக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும். தொட்ட இடத்தை வெள்ளையாக்கும். அதை எடுத்துச் சட்டைக் காலர்மேல் வைத்தேன். சட்டை சுத்த வெள்ளையாயிற்று, அப்பாவின் முகம் செங்கல் நிறமாயிற்று. காலர் நிழலில் இருக்கிறது, நிழலில் வெள்ளைத் துணியே லேசாக நீலம்தான். அதை முழு வெள்ளையாக்கினால் தோல்தான் விலை கொடுக்கிறது. டெம்பரேச்சரைப் பாதி வழிக்குத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அம்மா இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கிட்டத்தட்ட" என்றாள்.

மார்ச் 11, புதன்

சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு ஆறு வேளை. அலாரம் வைத்திருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

தம்பி ஒன்று செய்து அனுப்பியிருக்கிறான். ஏதோ ஒரு ஆப், ஒரே ஒரு தட்டுதானாம். கண் பளிச்சென்று இருக்கிறது, முகம் மெழுகு. இடது புருவத்துக்குமேல் இருந்த தழும்பு இல்லை.

அந்தத் தழும்பை எடுக்க யார் சொன்னது? அது ஏணியிலிருந்து விழுந்தபோது வந்தது. மூன்று தையல். கோபம் வந்தால் முதலில் அதுதான் சிவக்கும், நாங்கள் இரண்டு பேரும் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம், அதைத்தான் பார்ப்போம். அவனுக்கும் தெரியும். "நான் எடுக்கலைக்கா, அதுவா எடுத்திடுச்சு" என்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கறை எது, முகம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அம்மாவிடம் காட்டவில்லை.

கறையை அழிக்கும் ஹீலிங்கை நானும் பயன்படுத்தினேன். ஜன்னல் கண்ணாடியில் காய்ந்திருந்த நான்கு சொட்டுக் கறைகளை எடுத்தேன். பெரிதாக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு. முகத்துக்கு அதைக் கொண்டுபோகவே இல்லை.

மார்ச் 14, சனி

ராத்திரி தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். அழுதான். நானும்தான்.

மார்ச் 15, ஞாயிறு

வியூ எடிட்ஸைத் திறந்தால் நான் செய்த ஒன்பது வேலையும் அடுக்கடுக்காக நிற்கிறது. எதையும் தனியே திறந்து மாற்றலாம், தூக்கியும் எறியலாம். ஸ்ட்ரக்சர் +40 என்று ஒன்று இருந்தது. எப்போது போட்டேன் என்றே நினைவில்லை. அதுதான் அவர் சுருக்கங்களை வெட்டுக்காயம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. எடுத்துவிட்டேன். சாச்சுரேஷனையும் எடுத்தேன். மிச்சம் ஏழு.

தம்பிக்கு டாக்குமென்டாகத்தான் அனுப்பினேன். படமாக அனுப்பினால் வழியிலேயே சுருக்கிவிடும். இப்படிச் சுருங்கியதில் அவன் ஏதாவது செய்து எனக்கு அனுப்ப, அதை நான் மறுபடி சேமிக்க, ஒவ்வொரு சுற்றிலும் முகம் கொஞ்சம் கரையும். இனிமேல் எது செய்தாலும் ஒரிஜினலிலிருந்துதான் என்று சொல்லியிருக்கிறேன். ஒரிஜினலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் 4.

அம்மாவுக்குப் பிரிண்ட் வேண்டுமாம். "அதுக்குள்ள முடிச்சிடு. ரெண்டு கண்ணும் ஒண்ணாயிட்டா நான் எதை வச்சு ஒத்துப் பாத்துச் சொல்றது?"

மார்ச் 18, புதன்

முகம் மட்டும் வருமாறு க்ராப் செய்து வைத்திருந்தேன். கணக்குப் போட்டால் நெருக்கிப் பிடித்தும் 900 பிக்சல் அகலம்தான். இன்ச்சுக்கு 300 வேண்டும் என்றால் மூன்று இன்ச் படம். ஆறுக்கு நாலு போட 1800-க்கு 1200 வேண்டும். க்ராப்பை எடுத்துவிட்டு முழுப் படத்துக்குத் திரும்பினேன். 4000-க்கு 3000, தாராளம். ஜன்னல், திரைச்சீலை, அவர் கை நாற்காலிப் பிடிமேல் கிடக்கும் விதம், எல்லாம் திரும்ப வந்தது. கையை மறந்தே போயிருந்தேன். இரண்டு வாரமாக முகத்தையே தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

முதல் பிரிண்ட் இருட்டாக வந்திருக்கிறது. திரை தானே ஒளிர்கிறது, தாள் அறை வெளிச்சத்தை நம்பி இருக்கிறது. போனில் சரியாகத் தெரிந்த நெற்றி தாளில் மறுபடி நிழலுக்குள் போய்விட்டது. நெற்றியில் இருக்கும் புள்ளிக்கு இன்னும் 15 கொடுத்தேன், மொத்தத்துக்கும் கொஞ்சம். தழும்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தெரிகிறது.

அம்மா இந்த இருட்டுப் பிரிண்டையே எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள். இடது கண்ணை மூடியிருக்கிறாள். இரண்டாவது பிரிண்ட் நாளை மத்தியானம்