காமலாபுரத்தில் எங்கள் அரைவல் ஷீட்

ஏர்ஃபோர்ஸில் புது ஸ்டேஷனுக்குப் போனதும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அரைவல் ஷீட் என்று பெயர். சம்பளப் பிரிவு, மெடிக்கல், ஸ்டோர், குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் நாம் அந்த ஊர்க்காரர். கிளம்பும்போது கிளியரன்ஸ் ஷீட், மறுபடி அதே சுற்று. கல்யாணமான பதிமூன்று வருடத்தில் மூன்று ஊர்களில் நான் குடித்தனம் வைத்ததும் கலைத்ததும் இந்தத் தாள்களை நம்பித்தான்.

கடைசிக் கிளியரன்ஸ் பீதரில். கர்நாடகத்தின் வடகோடி. போர் விமானி ஆகப்போகிறவர்கள் ஹாக் ஜெட்டில் பழகும் தளம் அது. சூரியகிரண் சாகசக் குழுவுக்கும் அதுதான் வீடு. என் கணவர் அங்கே ப்ரொபல்ஷன் ஃபிட்டர், அதாவது என்ஜின் வேலை. பத்தொன்பது வயதில் சேர்ந்தவர், இருபது வருட சர்வீஸ் முடித்து முப்பத்தொன்பதில் சார்ஜென்டாக வெளியே வந்தார். வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகளோடு சேலம் வந்து இறங்கினோம்.

ஓமலூர் தாண்டிக் காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். 2018 மார்ச்சில் உடான் என்ற மத்திய அரசின் விமானச் சேவைத் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், இடையில் நின்றுபோனது, 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்கிடையே பைலட் பயிற்சிப் பள்ளிகளுக்காகத் தேர்வு செய்த நிலையங்களின் பட்டியலிலும் சேலம் வந்தது. அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் அவருக்கு டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அவருக்குச் சொந்த ஊர் தாரமங்கலம், எனக்கு ஆத்தூர். சொந்த மண்ணுக்குத்தானே போகிறோம், இதில் என்ன சிரமம் என்று நினைத்திருந்தோம்.

ஆனால் சொந்த மண்ணில் அரைவல் ஷீட் தர ஆளில்லை. எங்கே முதலில் போவது, எது இருந்தால் எது கிடைக்கும் என்று சொல்ல யாருமில்லை. முதல் வாரம் முழுக்க ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அலைந்துவிட்டு, ஒருநாள் இரவு மகளின் பழைய நோட்டில் நானே கோடு போட்டு ஒரு ஷீட் தயார் செய்தேன். வீடு, ஆதார், பென்ஷன், இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், முன்னாள் படைவீரர் அலுவலகம், கேஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, வண்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். வேலை முடிந்தால் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

வீடு சுலபமாக அமைந்தது. மிலிட்டரிக்காரர் என்றதும் அட்வான்ஸில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே சேர்வராயன் மலை. வெல்லம் காய்ச்சும் பருவத்தில் பாகு வாசனை ஜன்னல் வழியாக வரும். பீதரில் ஹாக் மேலே ஏறினால் பாத்திரம் அதிரும், பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். இங்கே சின்ன விமானத்தின் புரொப்பல்லர் சத்தம், தூரத்தில் டிராக்டர் ஓடுவதுபோல. இறங்கும், சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறும், ஒரு வட்டமடித்துத் திரும்ப வரும். ஒரே பிள்ளை இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் மணிக்கணக்கு எங்கள் தலைக்கு மேலேதான் கூடுகிறது.

எங்களை உண்மையாகவே சோதித்தது என் பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சர்வீஸில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு உதவும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். என் ஆதாரிலும் பான் கார்டிலும் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்தை சர்வீஸ் ரெக்கார்டில் பதிந்தபோது, முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்ததால், என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரை எழுதிக் கொடுத்தோம். பதிமூன்று வருடம் யாரும் கேட்கவில்லை. பென்ஷன் ஆணையில் அந்த நீளப் பெயர் வந்தது. வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட், ஸ்பர்ஷ் பென்ஷன் தளத்தில் என் விவரம், இசிஹெச்எஸ் கார்டு என எங்கே போனாலும், "இவங்களும் அவங்களும் ஒரே ஆள்தானாங்க?" என்ற கேள்வி.

யோசித்துப் பார்த்து, ரெக்கார்டைத் தொடாமல் என் அட்டைகளை மாற்றுவது என்று முடிவெடுத்தோம். திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்டி முதலில் ஆதாரில் பெயர் மாற்றம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் ஒவ்வோர் எழுத்தையும் பென்ஷன் ஆணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். அது வந்த பிறகு பான், அதன் பிறகு வங்கி. இந்த வரிசையை மாற்றினால் வேலை நடக்காது. எங்களுக்கு இரண்டரை மாதம் ஓடியது. சர்வீஸில் இருக்கும்போதே பார்த்திருந்தால் யூனிட்டில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, பி.ஓ.ஆர். என்ற பதிவுக் குறிப்பு போட்டுத் திருத்தியிருக்கலாம். டிஸ்சார்ஜுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகள் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒப்பிட்டுவிடுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இடைவெளியில்தான் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பீதரில் மெடிக்கேர் சென்டர் ஐந்து நிமிட நடை. இங்கே ஓமலூரிலிருந்து சேலம் புது பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து இசிஹெச்எஸ் பாலிகிளினிக். கார்டு வரவில்லை, தற்காலிகச் சீட்டுதான் கையில் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டு டாக்டர் பார்த்தார், மருந்தும் கிடைத்தது. தனியார் மருத்துவமனைக்குப் போவதென்றால் அங்கிருந்து ரெஃபரல் வாங்க வேண்டும். உயிர் போகும் அவசரம் என்றால் நேராக எந்த மருத்துவமனைக்கும் போகலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டிப் பதிவு செய்தது ஒரே நாளில் முடிந்தது. அங்கே காத்திருந்த ஒரு பெரியவர், ஆர்மியில் இருந்து வந்து முப்பது வருடமானவர், "எல்லாத்துக்கும் பத்து ஜெராக்ஸ் வெச்சுக்கோ கண்ணு" என்றார். அவர் சொன்னது எத்தனையோ தடவை கைகொடுத்தது. கேஸ், வண்டி எல்லாம் அப்புறம் தானாக நடந்தன.

என் கணவருக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. விமானம் பறப்பதற்கு முன் எஃப் 700 என்ற ஏட்டில் என்ஜின் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறுவார். சிவிலில் விமானத்தைப் பறக்க விடும் கையெழுத்துக்கு டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கும் ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் வேண்டும். படை அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனாலும் சிவில் விமானத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, மாட்யூல் என்று பாடம் பாடமாக வைக்கும் தேர்வுகளையும் எழுதித் தேற வேண்டும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம். அதுவரை அவர் செய்த வேலைக்கு, அவரைவிடப் பன்னிரண்டு வயது சிறிய பையன் கையெழுத்துப் போடுகிறான். அந்தத் தம்பி தங்கமானவன், "அண்ணே, நீங்க பார்த்தா சரிதாண்ணே" என்பான். இருந்தாலும் முதல் மாதம் இவர் வீட்டில் அதிகம் பேசவில்லை.

வேலையும் வேறு. ஹாக் ஜெட் என்ஜின், இது பிஸ்டன். ஸ்பார்க் பிளக், மேக்னெட்டோ என்று இருபது வருடத்துக்கு முன் டிரெய்னிங்கில் படித்ததைத் தேடிப் படித்தார். ஊற்றும் எரிபொருளும் ஆவ்கேஸ், நீல நிறமாக இருக்குமாம். சட்டையில் வரும் வாசனையே மாறிவிட்டது. ஒன்பதாம் மாட்யூல், மனிதத் தவறுகளைப் பற்றியது, முதல் தடவையே தேறினார். பத்தாவது விமானச் சட்டம், அதில் 70 வந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுடன் பழக எனக்கு நாளானது. விமான நிலைய விரிவாக்கத்துக்குக் காமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடியில் நிலம் எடுக்கும் பேச்சு 2018-லேயே கிளம்பி, விவசாயிகள் போராடிய ஊர் இது. அக்காவின் கரும்புக் காடும் அளவெடுத்ததில் வந்ததாம். விமானத்தை நம்பிப் பிழைக்கும் வீடு எங்களுடையது. அவர் கோபம் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றியது, அதை அவரிடமே சொன்னேன். அதற்குப் பிறகுதான் வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தெரியாது. இந்தி, இங்கிலீஷ், கொஞ்சம் கன்னடம் என்று வளர்ந்தவள். தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயப் பாடம், அதற்கு 2006-லேயே சட்டம் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் அ, ஆவிலிருந்து ஆரம்பித்தாள். மாலையில் அந்த அக்காதான் சொல்லிக்கொடுத்தார், அவர் மகன் படித்த ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து. இரவில் அப்பாவும் மகளும் ஒரே மேஜையில் உட்காருவார்கள், இவர் சட்டப் புத்தகத்தோடு, அவள் நாலுகோட்டு நோட்டோடு.

கடைசியாக வந்தது ரேஷன் கார்டு. மாமியார் கார்டிலிருந்து கணவர் பெயரையும், அம்மா வீட்டுக் கார்டிலிருந்து என் பெயரையும் நீக்கிய பிறகே புதிதாக விண்ணப்பிக்க முடிந்தது. கார்டு கைக்கு வந்த அன்று மகள் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். மேலே இருந்ததெல்லாம் ஆங்கிலத்தில், இது தமிழில். "ழி" எழுதும்போது கை தடுமாறி, எழுத்தின் கால் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரியை இவர் தன் கையாலேயே சேர்த்து எழுதியிருக்கிறார்: ஏஎம்இ. பத்தாம் மாட்யூலுக்கு மறுபடி பணம் கட்டியாயிற்று.