பாதமலைப் படியில் கேட்ட கோமுகக் கதை

தைப்பூசம் கழிந்து ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய், இரவோடு இரவாகச் சிவனொளிபாத மலை ஏறினோம். கூட வந்தது சித்தப்பா. கங்கை பிறக்கும் பனிப்பாறை முகப்பான கோமுகம் வரை போய் வந்தவர் என்பதால் எந்த மலையைக் காட்டினாலும் இமயமலைப் பேச்சுதான்.

மலையேறும் வழியில் குளிக்கிற சீதகங்குல ஓடையில் கால் வைத்ததும் எனக்குப் பல் தந்தியடித்தது. அவரோ தலை முழுகிவிட்டு, "இதெல்லாம் குளிரா தம்பி? கங்கோத்ரியில ஒரு சொம்பு ஊத்திப் பாரு" என்றார். அது பனிப்பாறை உருகி வரும் தண்ணீர். நம்மிடம் பனிப்பாறை ஏது? 2,243 மீட்டர் உயரமுள்ள இந்த மலையில் மழையையும் மூடுபனியையும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது காடும் பாசியும்தான். களனி கங்கை இந்தப் பக்கமிருந்துதான் இறங்குகிறது, கொழும்பில் குழாயைத் திறக்கிறவர்களுக்கு அது ஞாபகம் இருந்தால் சரி.

கங்கோத்ரி கோயிலிலிருந்து கோமுகத்துக்கு 18 கிலோமீட்டர் நடை. வெள்ளைவெளேரென்று இருக்கும் என நினைத்துப் போனவருக்குத் தெரிந்தது கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் நிறப் பனிச்சுவர், அடியில் கலங்கல் தண்ணீர். "சாமி விபூதி பூசியிருக்காருன்னு நெனச்சுக் கும்பிட்டேன்" என்றார். 1935 முதல் அளந்து பார்த்ததில் அந்த முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் போய்விட்டது. சாமி தள்ளித் தள்ளிப் போகிறார், பக்தர்கள் பின்னாலேயே நடக்கிறார்கள்.

"உருகினா தண்ணி கூடத்தானே வரும் சித்தப்பா?"

"கொஞ்ச காலத்துக்கு வரும். அப்புறம்?"

கீழே சமவெளியில் கங்கைக்கு மழை கை கொடுக்கும், ஆனால் மேலே இருக்கும் கிராமங்களுக்கு மழைக்காலம் தொடங்கும் வரை உருகுநீர்தான் கதி. இந்துகுஷ் இமயமலை முழுவதும் 2011 முதல் 2020 வரை பனிப்பாறைகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி, பங்குனியில் லயத்து வீடுகளுக்கான தண்ணீர்ப் பீலி நூலாக ஒழுக, குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்ததால் இந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. வரட்சி முற்றினால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள்ளிருந்து, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். எனக்கு அது தரிசனமாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோமுகத்துக்கு ஒரு நாளைக்கு 150 யாத்திரிகர்களைத்தான் விடுகிறார்கள். நம் மலையில் போயா எனும் பௌர்ணமி நாளில் படியில் கால் வைக்க இடமிருக்காது, ஓரமெல்லாம் யோகட் கோப்பையும் தண்ணீர்ப் போத்தலும். அரோகரா சொன்ன வாயால் குடித்துவிட்டு ஆற்றின் தலைமாட்டிலேயே வீசிவிட்டுப் போவது என்ன பக்தியோ!

உச்சியில் பாதத்தைக் கும்பிட்டு மணி அடித்தோம். விடிந்ததும் மலையின் முக்கோண நிழல் மூடுபனியின் மேல் விழுந்தது. கூட்டத்தில் தள்ளுமுள்ளுதான், அதிக நேரம் நிற்க முடியவில்லை. மழை தவறாமல் பெய்யட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

இறங்கும்போது சித்தப்பா அடுத்தது கேதார்நாத் என்று ஆரம்பித்துவிட்டார். 2013 ஜூனில் அங்கே பனிப்பாறையை ஒட்டிய ஏரி உடைந்து ஊரையே அடித்துப் போட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த சித்தி, வீட்டுக்கு வந்ததும் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். இப்போதைக்குப் பேரம் இதில் நிற்கிறது: மழை ஓய்ந்த பிறகு, தீபாவளியோடு நடை சாத்துவதற்குள் போய்வருவதென்றால் மட்டும் சரி, அதுவும் நான் கூடப் போகவேண்டுமாம்.