புது வேலையில் முதல் மாதம்: யாழ்ப்பாணத்து அலுவலகக் குறிப்புகள்

2025 ஓகஸ்ட் 28, வியாழன்

வாற திங்கள் முதலாம் திகதி. அன்றைக்கு வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கனபேர். என்ன உடுப்புப் போடுவது என்பதுதான் எல்லாருக்கும் பெரிய யோசனை. உடுப்பு இருக்கட்டும், முதலில் பெயரைப் பாருங்கள்.

அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், கல்விச் சான்றிதழ் நாலையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். 'த' வருகிற இடத்தில் ஒன்றில் 'எச்' இருக்கும், மற்றதில் இராது. வேலைக்குச் சேரும்போது இதை ஆரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியை (ஈபிஎப், நீங்களும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கப் போகும்போதுதான் அந்த ஒரு 'எச்'சுக்காகச் சத்தியக்கடதாசி முடிக்கச் சொல்லுவார்கள். ஆகவே எல்லாப் படிவத்திலும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர். வங்கிக் கணக்கில் வேறுமாதிரி இருந்தால் சம்பளம் விழமுதல் கிளைக்குப் போய்த் திருத்துவது நல்லது.

இன்னொன்று, 9 இலக்கமும் ஒரு எழுத்தும் உள்ள பழைய அடையாள அட்டையில் கணக்குத் திறந்துவிட்டு, பிறகு 12 இலக்கப் புதிய அட்டை எடுத்தவர்கள். இலக்கம் மாறியதை வங்கிக்கு அறிவித்தீர்களா?

மூலப் பத்திரங்களைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. போட்டோக்கொப்பியில் மூன்று செற் போதும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

பஸ் விசயம். பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குவதால், அதற்கு முன் முக்கால் மணித்தியாலம் பட்டணத்துக்கு வரும் பஸ்ஸெல்லாம் பிள்ளைகளால் நிரம்பிவிடும். மினிபஸ் இடையிடையே ஆள் பார்த்து நிற்கும். நேரத்துக்குப் போக வேண்டுமென்றால், தேவையான பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைக் கணக்கில் வையுங்கள்.

செப்டெம்பர் 1, திங்கள்

நியமனக் கடிதத்தைக் கையெழுத்து வைக்கிற இடத்தில் திறந்து நீட்டுவார்கள். முதல் பக்கத்துக்குத் திருப்புங்கள். அதை ஆரும் குறையாக நினைக்கப் போவதில்லை, நினைத்தாலும் பரவாயில்லை.

பார்க்க வேண்டியது சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. 'மொத்தம் 50,000' என்று வாயால் சொல்லியிருப்பார்கள். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000, மிச்சம் 'ஊக்குவிப்பு', 'போக்குவரத்து' என்று நிற்கும். சேமலாப நிதி அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி போன்றவற்றுக்குத்தான் கணக்கிடப்படும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது. அதனால் அடிப்படைச் சம்பளம் குறையக் குறைய உங்கள் நிதியும் குறையும்.

பிறகு தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலகுவதென்றால் எவ்வளவு முன்னறிவித்தல், வேலை நேரம் என்ன. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேற்பட்டால் ஒன்றரை மடங்கு.

'தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு ஈபிஎப் கட்டுவம்' என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது சரியில்லை. தற்காலிகமோ நிரந்தரமோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். கேட்கிற விதம் இப்படி இருக்கலாம்: "மிஸ், ஈபிஎப் படிவம் இண்டைக்கே நிரப்பித் தரட்டோ?" சண்டைக்குப் போகாமலே விசயம் நடக்கும்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

இரண்டாம் நாள் வழக்கமாக வாற பிழை, விளங்காமலே 'ஓம்' சொல்லுவது. "விளங்கிச்சுதோ தம்பி?" என்று கேட்டதும் தலை தானாக ஆடும். அந்த 'ஓம்'முக்குப் பதிலாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "அப்ப, மனேஜர் கையெழுத்து வைச்ச பிறகுதான் இந்த வவுச்சரை நான் பதியோணும், சரியோ மிஸ்?" பிழையென்றால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். ஆறு தரம் போய்க் கேட்பதைவிட, அவசரமில்லாத கேள்விகளை ஒரு தாளில் குறித்து, பத்தரை ரீ நேரத்துக்குப் பிறகு மொத்தமாகக் கேட்பது இருபக்கத்துக்கும் நல்லது.

மேலதிகாரிக்கு சேர், மிஸ். கூட வேலைசெய்யும் மூத்தவர்களை அவர்களே சொல்லும்வரை அண்ணை, அக்கா என்று அழைக்க அவசரப்பட வேண்டாம். வாசலில் நிற்கும் காவலாளியை ஐயா என்று கூப்பிட ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கோல் வந்தால் பதறி வைத்துவிடுவது இன்னொரு வழமை. 'பொட்டக் இன்ன' என்றால் கொஞ்சம் பொறுங்கள். அதைச் சொல்லிவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். ஆள் இல்லாவிட்டால் பெயர், இலக்கம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். இலக்கத்தை வாசித்துக் காட்டி உறுதிப்படுத்தாமல் போனை வைக்க வேண்டாம்.

செப்டெம்பர் 4, வியாழன்

நாளைக்கு மீலாத் விடுமுறை. அதற்குள் கொம்பியூட்டர் பற்றி இரண்டு விசயம்.

எங்கள் பக்கத்து அலுவலகங்களில் பழைய கடிதங்கள் பல பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அதை ஈமெயிலிலோ வட்சப்பிலோ ஒட்டினால் தமிழ் போய், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். கோப்பு கெடவில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. யுனிகோட்டுக்கு மாற்றி அனுப்புங்கள், அல்லது பிடிஎப் ஆக்குங்கள். மாற்றிய பிறகு ஒருதரம் வாசியுங்கள். கடிதத்துக்குள் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் தமிழெழுத்தாகிக் குழம்பியிருக்கும்.

மற்றது எக்செல் திகதி. கொம்பியூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் 05/09 என்று அடிப்பது மே 9 ஆகப் பதியும். 12க்கு மேற்பட்ட நாள்களைத் திகதியாகவே எடுக்காமல் இடப்பக்கம் ஒதுக்கிவிடும், அதுதான் அடையாளம். பழைய பதிவுகளைத் தொடமுதல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

முதல் சம்பளம். தொகையைப் பார்த்துவிட்டுச் சம்பளப் பட்டியலை மடித்து வைப்பவர்கள்தான் கூட. அடிப்படை 40,000 என்றால் உங்களிடமிருந்து 8 வீதம், 3,200 கழியும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 4,800 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 1,200. இதுவும் முதலாளியின் கணக்கு, உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. 12ஐயும் 3ஐயும் சேர்த்து உங்களிடமே கழித்திருந்தால் உடனே கேளுங்கள். செப்டெம்பர் மாதப் பணம் ஒக்டோபர் முடியமுதல் கட்டப்பட வேண்டும். அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்திருங்கள்.

மாதம் 150,000க்குக் குறைந்த சம்பளத்தில் வருமான வரி கழியாது.

ஒக்டோபர் 2, வியாழன்

லீவுக் கணக்கு. முதல் வருசத்தில் இரண்டு மாதம் வேலை செய்து முடித்தால் ஒரு நாள் அமய லீவு (திடீர்த் தேவைக்கு எடுப்பது). அதற்குள் லீவு எடுத்தால் அநேகமாகச் சம்பளமில்லா லீவுதான். வருடாந்த லீவு அடுத்த வருசம் தொடங்கும். செப்டெம்பர் 1இல் சேர்ந்தவருக்கு 2026இல் 7 நாள், நேற்று ஒக்டோபர் 1இல் சேர்ந்தவருக்கு 4 நாள். சேரும் திகதியைத் தெரிவுசெய்ய வாய்ப்பிருந்தால் இதை யோசிக்கலாம்.

பலருக்குத் தெரியாதது தீபாவளி. 20ஆம் திகதி பொது விடுமுறை, வங்கிகளும் பூட்டு. ஆனால் கடை, அலுவலகச் சட்டத்தின் 8 கட்டாய விடுமுறைகளுக்குள் தைப்பொங்கல் இருக்கிறது, தீபாவளி இல்லை. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான இடங்கள் தாமாகவே விடுவார்கள். தலைமை அலுவலகம் கொழும்பில் என்றால் அதை நம்பி இருக்காமல் இந்தக் கிழமையே கேளுங்கள், லீவுப் படிவத்தில் எழுத்தில் கொடுங்கள், கையெழுத்தான பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.